ஒரே எஞ்சின், இரண்டு வண்டி: நான் ஏன் பிக்அப் பக்கம் சாய்ந்தேன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வியாபாரம் செய்கிறவனுக்கு வண்டி என்றதும் எழும் முதல் கேள்வி, நிலைக்கதவு ஏறுமா என்பதுதான். பர்மா தேக்கில் இழைத்த பெரிய நிலையைத் தூக்கவே ஆறு ஆள் வேண்டும். அடுத்த கேள்வி, அதே வண்டியில் ஆத்தாவைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போக முடியுமா என்பது. போன வருடம் பழைய வண்டி தேடி அலைந்ததில் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று மஹிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்அவே பிக்அப். முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. மற்றது அதே மஹிந்திராவின் எக்ஸ்யூவி500 கார். ஏழு பேர் உட்காரலாம், கதவு ஏறாது. அதை எடுத்தால் சரக்குக்குக் குட்டியானையை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்பது வீட்டில் சொன்ன யோசனை. மோசமான யோசனை என்று சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டின் போனெட்டுக்கு அடியிலும் இருப்பது ஒரே குடும்பத்து எம்ஹாக் டீசல் எஞ்சின். நான்கு சிலிண்டர், 2179 சிசி. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. 2008-இல் ஸ்கார்ப்பியோவில் வந்தது, 2011-இல் எக்ஸ்யூவிக்குப் போனது. பிக்அப்பில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 120 குதிரைத்திறன், டார்க் என்கிற சுழற்றும் விசை 290 நியூட்டன் மீட்டர். எக்ஸ்யூவியில் 3750 சுற்றில் 140 குதிரைத்திறன், டார்க் 330. "அப்படின்னா சரக்கு வண்டியைவிடக் கார்தான் அதிகமா இழுக்குமா தம்பி?" என்று என் மெக்கானிக்கிடம் கேட்டேன். "எஞ்சின் ஒண்ணுதாண்ணே. படுத்திருக்கிற வாக்குதான் வேற" என்றார். அன்றைக்கு அது கிண்டலாகத்தான் பட்டது.

முதலில் இந்த எண்களை முடித்துவிடலாம். திருமயம் தாண்டி ஒரு ஆம்னி பஸ்ஸை முந்தும்போது கார்க்காரர் பத்து விநாடி முழுதாக மிதிப்பார், அப்புறம் காலை எடுத்துவிடுவார். எஞ்சினுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்துவிடும். பாரம் ஏற்றிய வண்டி வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறினால் அந்த மிதி மணிக்கணக்கில் நீளும். எரிந்த டீசலின் சூடு பிஸ்டன், சிலிண்டர் ஹெட், டர்போ, ஆயில் என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் சரக்கு வண்டிக்குப் போகும் எஞ்சினிடம் உச்சத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார்கள். எஞ்சினுக்குக் கெட்டிக்காரத்தனம் குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவரை யாரும் ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

இதை அப்பட்டமாகக் காட்டுவது அமெரிக்காவின் ஃபோர்டு. அவர்களுடைய 5 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், 2011 மாடல் மஸ்டாங் ஸ்போர்ட்ஸ் காரிலும் எஃப்-150 டிரக்கிலும் ஒன்றாக வந்தது. மஸ்டாங்கில் 6500 சுற்றில் 412 குதிரைத்திறன், டிரக்கில் 5500 சுற்றில் 360. சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்கிற கம்ப்ரெஷன் விகிதம் காரில் 11, டிரக்கில் 10.5. காற்றை உள்ளே விடும் வால்வுகளைத் திறக்கிற இன்டேக் கேம்ஷாஃப்ட் டிரக்கில் வேறு, வால்வு திறந்திருக்கும் நேரம் குறைவு. காரில் குழாய் குழாயாக வளைத்த எக்ஸாஸ்ட், டிரக்கில் கெட்டியான வார்ப்பிரும்பு. ஆயிலைக் குளிரவைக்க டிரக்கில் தனி ஏற்பாடு. இவ்வளவு மாற்றியும் டார்க் மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. மேல் சுற்றில் கிடைக்கும் குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து, அடிச்சுற்றின் இழுவையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நம் பிக்அப்பில் டார்க்கும் சேர்ந்து குறைகிறது. அதை ஈடுகட்டுவது கியர். எஞ்சின் தருவதைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுப்பது கியர்பாக்ஸும் பின் அச்சும்தான். போனெட் எண்ணை மட்டும் பார்த்து வண்டி வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஓட்டும் சுகத்தில் எக்ஸ்யூவி ஜெயித்துவிடும், வாதமே வேண்டாம். ஆறு கியர், நெடுஞ்சாலையில் எஞ்சின் சத்தமே தெரியாது, திருப்பத்தில் உடம்பு சாயாது. என் கெட்அவேயில் ஐந்து கியர். தொட்டி காலியாக இருந்தால் கானாடுகாத்தான் வீதிகளில் குதிக்கும். இருநூறு முந்நூறு கிலோ ஏறினால்தான் பின்னால் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் என்கிற பட்டை வில் அடங்கி ஒழுங்காகப் போகும். ஏறும் உயரம் வேறு ஆத்தாவுக்குப் பெரிய பிரச்சினை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எக்ஸ்யூவியை நான் ஓட்டியது இரண்டே தடவை. நண்பரின் வண்டி, நான்கு பேர், புதுக்கோட்டை வரை. பாரத்தோடு மலை ஏற்றிப் பார்த்ததில்லை. பிக்அப்பில் இரண்டு நிலையும் நான்கு தூணும் ஏற்றிக் கொடைக்கானலில் ஒரு விடுதிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது கியர்தான், ஆனால் சூடு காட்டும் முள் அசையவில்லை.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இதுவெல்லாம் இல்லை. கிளட்ச்.

இதற்கு முன் ஒரு கார் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம், இந்த இரண்டு வண்டிக்கும் சம்பந்தமில்லாதது. எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கும், முன்சக்கர இழுவை. பொன்னமராவதிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. தேய்ந்தது என் ஓட்டுதலால்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளூர்ப் பட்டறைகள் இரண்டு கையை விரித்துவிட்டன. கடைசியில் மதுரைக்குக் கட்டி இழுத்துப் போய், நான்கு நாள் கழித்துத்தான் வண்டி கைக்கு வந்தது. பிளேட் விலையைவிடக் கூலி என்னை அதிகம் உறுத்தியது.

ஏன் என்று அப்போது புரியவில்லை. மெக்கானிக் சொன்ன "படுத்திருக்கிற வாக்கு" இதுதான். பிக்அப்பில் எஞ்சின் நீளவாட்டில், மூக்கு முன்னால் பார்த்தபடி படுத்திருக்கிறது. அதன் வாலில் கியர்பாக்ஸ், அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் பின்னச்சுக்குப் போகிறது. கிளட்ச் மாற்ற வேண்டுமா, வண்டியைக் குழி மேல் நிறுத்தி ஷாஃப்டைக் கழற்று, கியர்பாக்ஸுக்கு ஜாக்கி கொடு, போல்ட்டுகளை எடுத்துப் பின்னால் இழு. பிளேட் கண்ணெதிரே நிற்கும். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கும். லாரி, ஜீப் பார்த்துப் பழகிய எந்தக் கையும் இதைச் செய்துவிடும். தேவகோட்டை ரோட்டுப் பட்டறையில் ஒரு நாள் வேலை.

எக்ஸ்யூவியில் அதே எஞ்சின் குறுக்கே படுத்திருக்கிறது. கியர்பாக்ஸ் பின்னால் இல்லை, பக்கத்தில், சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடுங்கி நிற்கிறது. இதுபோன்ற அமைப்பில் கியர் ஆயிலை வடித்து, இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்டையும் உருவி, எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, மவுண்ட்டுகளைக் கழற்றி, பல சமயம் அடியில் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமையும் இறக்கினால்தான் கியர்பாக்ஸ் வெளியே வரும். மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். வேலை தெரிந்தவருக்கு இது பெரிய விஷயமில்லை. அந்த வேலை தெரிந்தவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்பதுதான் என் கவலை. சென்னையில் இருந்திருந்தால் இந்தப் பத்தியையே எழுதியிருக்க மாட்டேன்.

என் தொழிலில் கிளட்ச்சுக்கு வேலையும் அதிகம். பள்ளத்தூரில் ஒரு வீட்டுப் பின்வாசலில் சரக்கு ஏற்ற வேண்டுமென்றால் சந்துக்குள் பாரத்தோடு ரிவர்ஸ், நிறுத்து, மறுபடி ரிவர்ஸ். அரை கிளட்ச்சிலேயே கால் மணி நேரம் போகும். எந்த வண்டியானாலும் தேயத்தான் செய்யும்.

பிக்அப்புக்கு எதிராகவும் இருக்கிறது. நான் வாங்கியது மஞ்சள் பலகை. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். அந்தத் தொல்லை சொந்த உபயோகக் காருக்குக் கிடையாது. மறுவிற்பனையில் எக்ஸ்யூவிக்குக் கேட்கிற ஆள் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. குடும்பத்துக்கு மட்டும் வண்டி வேண்டும், மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர் போய் வர வேண்டும் என்பவருக்கு நானே எக்ஸ்யூவியைத்தான் கை காட்டுவேன்.

ஆத்தாவின் பிரச்சினைக்கு மட்டும் ஒரு வழி செய்தேன். உடைந்த நிலை ஒன்றின் அடிக்கட்டையை அறுத்து ஒரு முக்காலி. எப்போதும் தொட்டியில் கிடக்கும். பிள்ளையார்பட்டி வாசலில் அதை எடுத்துப் போட்டால் இறங்கிவிடுவார். "கடையில இத என்ன வெலைக்குக் குடுப்ப?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.