அடுத்த ரிசார்ட் எங்கே வரும்? ஒரு டைம்ஷேர் உறுப்பினரின் நீண்டகால அனுபவம்

பாயிண்ட் முறையில் இயங்கும் ஒரு டைம்ஷேர் கிளப்பில் நான் உறுப்பினராகிப் பல வருடங்கள் ஆகின்றன. டைம்ஷேர் என்றால், ரிசார்ட்டில் வருடத்துக்குச் சில நாட்கள் தங்கும் உரிமையைப் பல வருடங்களுக்குச் சேர்த்து வாங்குவது; பாயிண்ட் முறையில் அந்த உரிமை பாயிண்டுகளாகக் கிடைக்கும், அவற்றைக் கொடுத்துக் கிளப்பின் ரிசார்ட்டுகளில் அறை பதியலாம். அறைகள் எப்படி, முன்பதிவு எவ்வளவு சிரமம், பராமரிப்புக் கட்டணம் எப்படி ஏறுகிறது என்பதைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இத்தனை வருடங்களில் உறுப்பினர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே தொடங்கிவிடும் பேச்சு ஒன்று உண்டு. கம்பெனி அடுத்து எங்கே கட்டப் போகிறது? ஒருவர் பனிமலை என்பார், ஒருவர் யாரும் போகாத தீவு என்பார், இன்னொருவர் பழைய கோட்டைகள் உள்ள ஊரைச் சொல்வார். எனக்கும் இதில் ஆர்வம் அதிகம், அதனால் பெரிய கம்பெனிகள் எங்கே போயின, எங்கிருந்து பின்வாங்கின என்று தொடர்ந்து கவனித்து வருகிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: உறுப்பினர்கள் போக ஆசைப்படும் இடம் முக்கியமே இல்லை, புதிதாக வாங்குகிறவர்கள் கிடைக்கும் இடத்தில்தான் அடுத்த ரிசார்ட் வருகிறது.

இதற்குக் காரணம் இந்தத் தொழிலின் கணக்கிலேயே இருக்கிறது. ஹோட்டலுக்கு ஒவ்வொரு இரவும் அறை நிரம்பினால் போதும். டைம்ஷேர் கம்பெனிக்கோ அறையைத் துண்டு துண்டாக, பல வருட உரிமையாக முதலிலேயே விற்றாக வேண்டும், அந்த விற்பனைக்கு ஆகும் செலவு சில நேரம் கட்டடச் செலவையே தாண்டிவிடும். விடுமுறையில் வந்தவரைத் தேடிப் பிடித்து, இலவச டிக்கெட்டோ விலை குறைந்த தங்கலோ கொடுத்து, ஒன்றரை மணி நேரம் ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேச வேண்டும், அப்படி உட்காருகிறவர்களில் சிறு பகுதியினர்தான் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே வருடம் முழுக்கக் கூட்டம் வந்துகொண்டே இருக்கும் ஊர் வேண்டும். ஆர்லாண்டோவிலும் லாஸ் வேகாஸிலும் ஹவாயிலும் ஒரே கம்பெனி திரும்பத் திரும்ப ரிசார்ட் திறப்பது இதனால்தான். அங்கே போய் வந்த பழைய உறுப்பினருக்கு 'இன்னொன்றா' என்று அலுப்பாக இருக்கும், ஆனால் விற்பனை மேசைக்கு அந்த ஊர்கள்தான் சோறு போடுகின்றன. புளூகிரீன் என்ற டைம்ஷேர் கம்பெனி மீன்பிடிக் கருவிகளும் முகாம் சாமான்களும் விற்கும் பாஸ் ப்ரோ கடைகளுக்குள்ளேயே ஆள் வைத்து வாடிக்கையாளர் பிடித்தது. கூட்டம் ரிசார்ட்டுக்குத்தான் வர வேண்டும் என்றில்லை, எங்கோ ஓரிடத்தில் கூட்டம் இருந்தாக வேண்டும்.

பெரிய ஹோட்டல் பெயர்களில் முதலில் இந்தத் தொழிலுக்குள் வந்தது மேரியட், 1984இல், அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஹில்டன் ஹெட் தீவில். டிஸ்னி 1991இல் ஃபுளோரிடாவில் தன் தீம் பார்க்குகளை ஒட்டித் தொடங்கியது. டிஸ்னியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த இடத்தை ஊகிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தொடங்கிய சில வருடங்களிலேயே பார்க்குகளை விட்டு வெளியே போய் 1995இல் ஃபுளோரிடா கடலோரத்து வீரோ பீச்சிலும் 1996இல் ஹில்டன் ஹெட்டிலும் திறந்தார்கள். இரண்டும் அழகான இடங்கள். ஆனால் டிஸ்னி என்றால் பார்க் என்று நினைத்து வருகிற கூட்டம் அங்கே தானாக வராது. அதற்குப் பிறகு பார்க் இல்லாத ஊரில் அவர்கள் திறந்த பெரிய ரிசார்ட் 2011இல் ஹவாயின் ஆலானிதான். நடுவில் கட்டியதெல்லாம் பார்க்குகளின் வாசலிலேயே. 2009இல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் நேஷனல் ஹார்பரில் நிலம் வாங்கினார்கள், அப்போது எத்தனை பேர் எத்தனை கனவு கண்டார்கள்! 2011இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அதன் பிறகு வந்தவற்றைப் பாருங்கள்: 2019இல் ஃபுளோரிடாவில் ரிவியேரா ரிசார்ட், 2023இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், 2024இல் மறுபடி ஃபுளோரிடாவில் ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்களும் பாலினேசியன் ஹோட்டலுக்கு அருகில் புதிய கோபுரமும். எல்லாம் ஏற்கெனவே சொந்தமாக இருந்த நிலத்தில், ஏற்கெனவே கூட்டம் வந்துகொண்டிருந்த இடத்தில்.

ஆகவே நிலம் வாங்கிய செய்தி வந்தவுடன் ரிசார்ட் வந்துவிட்டதாக நினைத்துப் பாயிண்ட் வாங்கக் கூடாது. நிலம் வாங்குவதற்கும் அஸ்திவாரம் போடுவதற்கும் நடுவில் எத்தனையோ நடக்கலாம்.

கட்டுவது ஒரு வழி என்றால், அடுத்தவர் கட்டியதை மொத்தமாக வாங்குவது இன்னொரு வழி. கடந்த சில வருடங்களில் இந்தத் தொழில் பரவியதில் பெரும்பகுதி இப்படித்தான். மேரியட் வெகேஷன்ஸ் 2018இல் ஐஎல்ஜி என்ற டைம்ஷேர் கம்பெனியை வாங்கியது, அதோடு ஷெரட்டன், வெஸ்டின், ஹயாத் பெயரில் இருந்த டைம்ஷேர்கள் வந்து சேர்ந்தன. ஹில்டன் கிராண்ட் வெகேஷன்ஸ் 2021இல் டயமண்ட் ரிசார்ட்ஸையும் 2024 தொடக்கத்தில் புளூகிரீனையும் வாங்கியது. டிராவல் அண்ட் லெஷர் கம்பெனி 2024இல் அக்கோர் வெகேஷன் கிளப்பை வாங்கியது. ஒரே கையெழுத்தில் வரைபடத்தில் பல டஜன் புள்ளிகள் கூடிவிடுகின்றன.

உறுப்பினராக இதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் கிளப்பும் ஒரு சிறிய கிளப்பை வாங்கியது. மறுநாளே இணையதளத்தில் ரிசார்ட் பட்டியல் நீண்டுவிட்டது, வாழ்த்துக் கடிதம் வேறு வந்தது. ஆனால் அந்தப் புதிய இடங்களில் முன்பதிவு செய்ய வேண்டுமென்றால் தனியாக இன்னொரு படிநிலைக்கு மாற வேண்டும், அதற்குக் கட்டணம், அதற்கு மறுபடியும் ஒரு விற்பனைக் கூட்டம். மாறியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பள்ளி விடுமுறையில் கடலோரத்தில் இரண்டு படுக்கையறை கிடைப்பது முன்பு எப்படியோ அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். கிடைப்பது எளிதானது சீசன் இல்லாத வாரங்களில் ஸ்டூடியோ அறைதான். எனக்கு இது பெரிய ஏமாற்றம், கம்பெனியிடம் எழுத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

சரி, புதிய ரிசார்ட் வந்தால் பழைய உறுப்பினருக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? யாரும் நின்று யோசிக்காத விஷயம் இது. புதிய ரிசார்ட்டில் நூறு அறை வந்தால் நூறு அறை அதிகமாகிவிட்டதாக நாம் நினைக்கிறோம். அந்த நூறு அறைகளின் வருடாந்தர இரவுகளுக்குச் சமமான பாயிண்டுகளைக் கம்பெனி புதியவர்களுக்கு விற்றுவிடும், விற்கத்தானே கட்டுகிறார்கள். ஆக, இரவுகளும் கூடுகின்றன, அவற்றைக் கேட்டு வரிசையில் நிற்பவர்களும் அதே அளவு கூடுகிறார்கள். இனி முக்கியமான கேள்வி, அந்தப் புதியவர்கள் எங்கே தங்க விரும்புவார்கள் என்பது. புதிய இடம் எல்லோரும் ஏங்கும் இடமாக இருந்தால் அவர்கள் அங்கேயே போவார்கள், நமக்குப் பழைய இடங்களில் நெரிசல் குறையும். விற்பதற்கு மட்டும் வசதியான, ஒருமுறை பார்த்தால் போதும் என்கிற இடமாக இருந்தால், அவர்களும் நாம் போகும் கடற்கரைக்கே வந்து நிற்பார்கள், நம்முடைய ஜூலை மாதம் இன்னும் இறுகிவிடும். இதனால்தான் சொந்த ரிசார்ட்டுக்கு, அதாவது நாம் பாயிண்ட் வாங்கிய ரிசார்ட்டுக்கு, முன்னுரிமை தரும் விதி உள்ள கிளப்புகளில் எதை வாங்குகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. டிஸ்னியில் சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே பதியலாம், மற்ற இடங்களில் 7 மாதம் முன்புதான். நடுவிலுள்ள அந்த நான்கு மாதத்தில்தான் நல்ல அறைகள் போய்விடுகின்றன.

புதிய இடம் நமக்குத் திறந்திருக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2019 ஜனவரி 19 முதல் டிஸ்னியின் பழைய ரிசார்ட் பாயிண்டுகளை மறுவிற்பனையில், அதாவது கம்பெனியிடம் இல்லாமல் இன்னொரு உறுப்பினரிடம், வாங்கியவர்கள் ரிவியேரா, டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் போன்ற புதிய இடங்களில் அந்தப் பாயிண்டுகளைப் பயன்படுத்த முடியாது. கம்பெனி விரிவடைகிறது, ஆனால் அவர்களுடைய உரிமை விரிவடையவில்லை. மறுவிற்பனையில் வாங்க நினைப்பவர்கள் 'அடுத்து எங்கே' என்று கேட்பதற்கு முன்னால் தங்கள் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கட்டணம். சில கிளப்புகளில் ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் தனித்தனிப் பராமரிப்புக் கட்டணம், அங்கே புதிய இடம் எவ்வளவு செலவு பிடித்தாலும் அதை வாங்கியவர் பாடு. மேரியட் 2010இல் கொண்டுவந்தது போன்ற டிரஸ்ட் முறை என்றால் பல ரிசார்ட்டுகளின் செலவு ஒரே பானையில் விழுந்து எல்லோருக்கும் பிரிகிறது. அப்படிப்பட்ட கிளப்பில் இருப்பவர், கம்பெனி கடலை ஒட்டிக் கட்டப் போகிறது என்று கேட்டால் சந்தோஷத்தோடு கொஞ்சம் கவலையும் படலாம். உப்புக் காற்று, புயல் காப்பீடு, கூரைக்கும் வெளிச்சுவருக்கும் ஒதுக்கி வைக்க வேண்டிய நிதி எல்லாம் அதிகம். வீரோ பீச்சில் அறைகள் குறைவு, கடலோ வாசலில், டிஸ்னி கிளப்பிலேயே பாயிண்டுக்கு மிக அதிகமான கட்டணம் கட்டுகிறவர்களில் அங்கே வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சில ஊர்கள் பாயிண்டில் தங்கினாலும் இரவுக் கணக்கில் வரி வாங்குகின்றன. ஹவாயிலும் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்களிலும் அது உண்டு. 2023 ஆகஸ்டில் மாவி தீவில் காட்டுத்தீ லஹைனாவை அழித்தபோது, மாவியில் ரிசார்ட் வைத்திருந்த கம்பெனிகளின் விற்பனையும் சரிந்தது. ஒரே தீவை அதிகம் நம்புவதன் ஆபத்து அப்போது எல்லோருக்கும் தெரிந்தது, அடுத்த இடம் தேடும்போது கம்பெனிகள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

ஐரோப்பாவைப் பற்றி நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இந்த யோசனையே அங்கேதான் பிறந்தது, சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963இலிருந்து இருக்கிறது. ஆனால் பெரிய கம்பெனிகள் இன்று அங்கே புதிதாகக் கட்டத் துடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அந்த நாட்களில் முன்பணம் வாங்கவே கூடாது. ஃபுளோரிடாவில் விலகும் அவகாசம் 10 நாட்கள். ஸ்பெயினில் 1998 சட்டம் ஒப்பந்தக் காலத்துக்கு 50 வருட வரம்பு வைத்தது, அதை மீறிய ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புகள் கொடுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குகள் குவிந்தன. வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு அவசியம், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். விற்பவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு ஆர்லாண்டோவுக்கே திரும்பிப் போவார்.

ஆசியா பக்கம் எனக்கு நம்பிக்கை அதிகம். ஹில்டன் ஹவாயில் விற்றதில் ஜப்பானிய வாடிக்கையாளர்களின் பங்கு பெரியது. அந்த உறுப்பினர்களின் நாட்டிலேயே, 2021இல் ஒகினாவாவின் செசோகோவில் ஹில்டன் ரிசார்ட் திறந்தது. வாங்கியவர்கள் எந்த நாட்டில் குவிந்திருக்கிறார்களோ அந்த நாட்டுக்கு ரிசார்ட் போகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். அக்கோர் கிளப்பை வாங்கிய கம்பெனியும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தோனேசியா பக்கம் இன்னும் சேர்க்கும் என்பது என் ஊகம்.

ஊகத்துக்கு உதவும் அறிகுறிகள் என்று நான் பார்ப்பவை சில. கம்பெனியின் காலாண்டு அறிக்கையில் எந்த ஊரின் விற்பனை மையம் நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருப்பார்கள், அந்த ஊரிலேயே இரண்டாவது ரிசார்ட் வர வாய்ப்பு அதிகம். தாய் நிறுவனத்துக்கு ஹோட்டல் இருந்தால், சுமாராக ஓடும் ஹோட்டலின் ஒரு பகுதியை வில்லாவாக மாற்றுவது புதிதாகக் கட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும். நகராட்சியில் கட்டட அனுமதிக்குக் கொடுத்த விண்ணப்பம் பொதுவில் கிடைத்தால் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. விற்பனைப் பிரதிநிதி தாழ்ந்த குரலில் 'அடுத்த வருடம் அங்கே திறக்கிறோம், இப்போதே வாங்கினால்தான்' என்று சொல்வதை ஆதாரமாக எடுக்கவே கூடாது. ஒப்பந்தத்தில் அந்த ஊரின் பெயர் அச்சாகியிருந்தால் மட்டும் பேசலாம்.

இன்னொன்று, பழைய ஒப்பந்தங்கள் முடியும் தேதி. டிஸ்னியின் தொடக்ககால ரிசார்ட்டுகள் பலவற்றின் காலம் 2042இல் முடிகிறது. அன்று அந்த அறைகள் எல்லாம் கம்பெனியின் கைக்குத் திரும்பும். நல்ல இடம், கட்டி முடித்த கட்டடம், பக்கத்திலேயே கூட்டம். அவற்றைப் புதுப்பித்து மறுபடி விற்பதுதான் அடுத்த பெரிய 'விரிவாக்கமாக' இருக்கும் என்று நினைக்கிறேன், புதிய ஊர் எதுவுமே தேவைப்படாது.

எங்கள் கிளப்பைப் பற்றி என் ஊகம் இது: அடுத்து ஏற்கெனவே விற்பனை மையம் உள்ள ஒரு பெரிய நகரத்தில், பழைய ஹோட்டல் ஒன்றை மாற்றி, பெரும்பாலும் ஸ்டூடியோ அறைகளோடு திறப்பார்கள். போன முறை வந்த உறுப்பினர் கருத்துக் கணிப்பில் நகரங்களைப் பற்றி மட்டும் நாலைந்து கேள்வி இருந்தது, மலையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. நான் அதில், எந்த ஊராக இருந்தாலும் இரண்டு படுக்கையறை வீடுகள் பாதியாவது இருக்க வேண்டும், குடும்பத்தோடு வருகிறவர்கள்தான் உங்கள் பழைய உறுப்பினர்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.