காவோகாவோ ஆங்கில வாசிப்பு: அசல் தாளா, மாதிரித் தாளா, வெளிநாட்டுப் பத்திரிகையா?

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவோகாவோவில் ஆங்கிலத் தாளுக்கு 150 மதிப்பெண். அதில் மூன்றில் ஒரு பங்கு வாசிப்புக்கு. தேசியப் புதிய தாளில் ஏ, பி, சி, டி என நான்கு உரைப்பகுதிகள், அவற்றுக்கு 15 கேள்விகள். அதன்பின் ஐந்து வாக்கியங்கள் உருவப்பட்ட ஒரு கட்டுரையும், அந்த இடங்களை நிரப்ப ஏழு வாக்கியங்களும் இருக்கும்; இதுதான் ‘ஏழில் ஐந்து’ பகுதி. இரண்டிலும் கேள்விக்கு 2.5 மதிப்பெண். சொல் நிரப்பும் க்ளோஸ் பகுதியில் ஓர் இடத்துக்கு 1 மதிப்பெண்தான். ஆக, டி பகுதியில் ஒரு கேள்வியைக் கோட்டைவிடுவது க்ளோஸில் இரண்டரை இடத்தைக் கோட்டைவிடுவதற்குச் சமம். உயர்நிலைப் பள்ளி மாணவர் மேசையில் மூன்றாண்டும் வாசிப்புத் தாள்கள் குவிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எதை வைத்துப் பயிற்சி செய்வது என்பதில் நான்கு கட்சிகள் உண்டு. முந்தைய ஆண்டுகளின் அசல் தாள் (ஜென்தி), பதிப்பகங்களும் நகரக் கல்வித் துறைகளும் தயாரிக்கும் மாதிரித் தாள் (மோனிதி), வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரை (வாய்கான்), சொல் எண்ணிக்கை பார்த்துத் தரம் பிரித்த கதைப் புத்தகம். நான்கும் வளர்ப்பது வெவ்வேறு திறன்களை. எந்த மாணவருக்கு எது என்பதை, அவர் தடுக்குவது சொல்லிலா, வாக்கியத்திலா, கேள்வியிலா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அசல் தாள்: அளவு குறைவு, விலைமதிப்பு அதிகம்

அசல் தாளின் உண்மையான மதிப்பு உரைப்பகுதியில் இல்லை, தவறான விடைகளில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் முதல் வகைப் புதிய தாளில் வந்த டி பகுதியைப் பாருங்கள். ஆங்கிலப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1907 மார்ச் 7 அன்று வெளியிட்ட ஆய்விலிருந்து அது தொடங்குகிறது. பலர் தனித்தனியாகச் சொல்லும் மதிப்பீடுகளின் சராசரி ஏன் உண்மைக்கு நெருக்கமாக வருகிறது என்பது விஷயம். சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள், பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று இரண்டாம் பத்தி விளக்குகிறது. அந்தப் பத்தி எதைப் பற்றியது என்பது கேள்வி. விடைகளில் ஒன்று ‘மக்கள் செய்யும் பிழைகளின் காரணங்கள்’. பத்தி முழுக்கப் பிழை என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதால், சொல்லைப் பிடித்துப் படிப்பவர் நேராக அங்கே போய் விழுவார். பிழை ஏன் நேர்கிறது என்று பத்தி எங்கும் சொல்லவில்லை. ‘அந்த விளைவின் அடிப்படைத் தர்க்கம்’ என்பதே சரி.

அதே பகுதியின் கடைசிக் கேள்வி இன்னும் நுட்பமானது. நவாஹாஸ் என்ற ஆய்வாளர் தலைமையிலான ஆய்வுகளைப் பற்றி ஆசிரியரின் நிலைப்பாடு என்ன? உரையின் இறுதி வாக்கியம் ‘ஆல்தோ’ என்று தொடங்கி, ஆய்வுகளுக்கு வரம்புகள் உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஆனால் அவற்றின் பயன் மிகப் பெரிது என்று முடிகிறது. முன்பாதியில் கண் நின்றுவிட்டால் ‘சந்தேகம்’ என்ற விடை கவர்ந்திழுக்கும். எடை பின்பாதியில் இருப்பதால் ‘ஏற்பு’தான் விடை.

இப்படிப்பட்ட பொறியைச் செய்வதற்கு நேரமும் அனுபவமும் வேண்டும். அதனால்தான் அசல் தாள்களை வேகவேகமாக ‘தேய்த்துத் தள்ளுவது’ வீண். கையிருப்பும் ஒன்றும் கடல் இல்லை. 2016 முதல் 2020 வரை ஆண்டுக்கு மூன்று தேசியத் தாள்கள் என்று வைத்தால் 15 தாள், 60 உரைப்பகுதி. 2021 முதல் 2024 வரையிலான புதிய தாள்கள் இரண்டு வகையும் சேர்த்து 8 தாள், 32 உரைப்பகுதி. முதலாண்டிலேயே இவற்றைக் கரைத்துவிட்டால், தேர்வு நெருங்கும்போது அளந்து பார்க்க நம்பகமான அளவுகோல் மிஞ்சாது.

ஒரு அசல் உரைப்பகுதியை ஒழுங்காகப் பயன்படுத்த 50 நிமிடமாவது ஆகும். முதலில் அகராதி இல்லாமல், கடிகாரம் வைத்து, 8 நிமிடத்துக்குள் விடை எழுத வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் உறுதி, தயக்கம், ஊகம் என்று ஒரு குறி. விடைத்தாளைத் திறப்பதற்கு முன்பே, ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வாக்கியத்தை உரையில் கோடிட வேண்டும். இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள். விடையைப் பார்த்த பிறகு ஆதாரம் தேடினால் மூளை எதையாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். பிறகு தவறான மூன்று விடைகளும் ஏன் தவறு என்று ஒவ்வொரு வரி எழுத வேண்டும்: ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டியதா, ஒரு பகுதியை முழுமையாகக் காட்டியதா, உரையில் இல்லாததைச் சேர்த்ததா, ‘எல்லாம்’, ‘மட்டும்’ என்று இறுக்கியதா. ‘சரியாகப் போட்டேன், ஆனால் தயக்கத்தோடு’ என்ற கேள்விகளும் இந்த விசாரணைக்கு உரியவை. மூன்று வாரம் கழித்து அதே பகுதியைத் திரும்பச் செய்தால், மனப்பாடத்தில் நின்ற விடை எது, காரணத்தோடு வந்த விடை எது என்று தெரிந்துவிடும்.

மாதிரித் தாள்: வேகத்துக்கு நல்லது, தர்க்கத்துக்கு ஆபத்து

மாதிரித் தாளுக்கு ஒரே பெரிய பலம் அதன் எண்ணிக்கை. மாலை நேரத் தனிப்படிப்பு வகுப்பில் வாரம் இரண்டு முறை கடிகாரம் வைத்துச் செய்ய இதைவிட வசதியானது இல்லை. இரண்டு மணி நேரத் தாளில் கேட்டல் பகுதிக்கு ஏறக்குறைய 20 நிமிடம் போனால் மீதி 100. எழுத்துப் பகுதிக்கு 40, க்ளோஸுக்கும் இலக்கணம் நிரப்புவதற்கும் சேர்த்து 20 ஒதுக்கினால் வாசிப்புக்குக் கிடைப்பது 40 நிமிடம். ஏ பகுதி அட்டவணை, விளம்பரம், சுற்றுலாத் தகவல் வகை. 5 நிமிடத்தில் முடிய வேண்டும். பி 7, சி 8, டி 9 அல்லது 10, ஏழில் ஐந்து பகுதிக்கு 8. இந்தக் கணக்கு உடம்பில் ஏற வேண்டுமென்றால் பல தடவை ஓடிப் பார்த்தே ஆக வேண்டும். அந்த ஓட்டத்துக்கு அசல் தாளைச் செலவழிப்பது ஊதாரித்தனம்.

சிக்கல் கேள்விகளின் தரத்தில். கடையில் விற்கும் மலிவுத் தொகுப்புகளில் மூன்று குறைகள் அடிக்கடி தென்படும். ஒன்று, சரியான விடை உரையின் சொற்களையே அப்படியே திருப்பிச் சொல்லும். அசல் தாள் வேறு சொல்லில் மாற்றித்தான் சொல்லும். இரண்டு, கடினம் என்று காட்டப் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள சொற்களை விளக்கமின்றி இறைத்திருப்பார்கள். அசல் தாளில் அப்படிப்பட்ட சொல்லுக்கு அடைப்புக்குறியில் சீனப் பொருள் கொடுக்கப்படும். மூன்றாவதுதான் மோசம்: ஊகக் கேள்விகளில் இரண்டு விடைகள் பொருந்தும். இப்படிப்பட்ட தாள்களில் ஊறிய மாணவர் ‘அளவுக்கு மீறி யோசிக்க’ப் பழகி, அசல் தாளில் உரையில் தெளிவாக இருக்கும் விடையை ‘இவ்வளவு எளிதாக இருக்காது’ என்று ஒதுக்குகிறார்.

ஏழில் ஐந்து பகுதியில் இந்தத் தரக்குறைவு இன்னும் அப்பட்டம். நல்ல தாளில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பூட்டு இருக்கும்: ‘தே’ (அவர்கள், அவை) என்ற சொல்லுக்கு முன்னால் பன்மைப் பெயர், ‘இன்ஸ்டெட்’ (அதற்குப் பதிலாக) என்பதற்கு முன்னால் ஒரு மறுப்பு, பத்தியின் தலையில் பத்தியின் கருத்து. மாதிரித் தாளில் ஒரு கட்டுரையை எடுத்து ஐந்து வாக்கியத்தை உருவி, இரண்டைச் சேர்த்துவிடுவார்கள். பூட்டு இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. இந்தப் பகுதியில் ஒரு பிழை தனியாக வராது. ஓரிடத்தில் தவறான வாக்கியத்தை வைத்தால் அது உரிய இடத்துக்குக் கிடைக்காமல் இரண்டாம் பிழையும் விழும், 5 மதிப்பெண் போகும். ஆகவே இதை மட்டும் அசல் தாளில் பழகுவதே உத்தமம்.

மாதிரித் தாளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. பெரிய நகரங்களின் கூட்டுத் தேர்வுத் தாள்களை ஆசிரியர் குழு கூடித் தயாரிப்பதால், அவை கடைத் தொகுப்புகளைவிடப் பல படி மேல். தேர்வு முறை மாறும் மாகாணங்களுக்காக நடத்தப்படும் தகவமைப்புத் தேர்வு அதற்கும் மேல். 2021 ஜனவரியில் எட்டு மாகாணங்கள் எழுதியது அப்படிப்பட்டது. அதை அசல் தாள் வரிசையிலேயே வைக்கலாம்.

வெளிநாட்டுப் பத்திரிகை: மதிப்பு உண்டு, எல்லோருக்கும் அல்ல

சி, டி உரைப்பகுதிகள் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவியல் இதழ்களிலும் வந்த கட்டுரைகளைச் சுருக்கி எழுதப்படுகின்றன. அதனால் மூலத்தையே படித்தால் என்ன என்ற எண்ணம் நியாயமானதுதான். இதில் உண்மையாகக் கிடைக்கும் லாபம் நீண்ட வாக்கியத்தைத் தாங்கும் சக்தி. சீன மொழியில் அடைமொழி எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால் நிற்கும், தமிழில் ‘நேற்று சந்தையில் பார்த்த பெண்’ என்று சொல்வதைப் போலவே. ஆங்கிலத்தில் பெண் முதலில் வந்துவிடுவாள். அவளைப் பற்றிய செய்தி பின்னால் வாலாக நீளும். அந்த வாலுக்குள் இன்னொரு வால் தொங்கும்போது எழுவாய் எது, வினை எது என்று மாணவருக்குத் தொலைந்துபோகிறது. (தமிழ் வழி படித்து ஆங்கிலம் கற்றவர்களுக்கு இந்த இடறல் அந்நியமாக இருக்காது.) இதற்கு மருந்து, வாக்கியத்தின் முதன்மை வினையைத் தேடிக் கோடிடும் பழக்கம். பத்திரிகைக் கட்டுரையில் அதற்கு நிறைய இடம் உண்டு.

தெரிந்த சொல் தெரியாத பொருளில் வருவதும் இங்கேதான் பழகும். ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று நின்றுவிட்டவர், ஒரு பிரச்சினையைக் கையில் எடுப்பதும் அதே சொல் என்பதை, தேர்வுக்கான 3500 சொல் பட்டியலை எத்தனை முறை உருப்போட்டாலும் உணரமாட்டார்.

நடைமுறைத் தடைகளும் இருக்கின்றன. நியூயார்க் டைம்ஸ் இணையதளம் 2012லிருந்தும் எகானமிஸ்ட் 2016லிருந்தும் சீனாவில் முடக்கப்பட்டுள்ளன. ஆகவே மாணவர் கைக்கு வருவது பெரும்பாலும் வீசாட் செயலியின் கணக்குகளில் யாரோ எடுத்துப் போட்ட இரண்டாம் கைச் சரக்கு: கடினச் சொற்கள் வண்ணத்தில், கீழே வரிக்கு வரி சீன மொழிபெயர்ப்பு. கண் தானாக மொழிபெயர்ப்புக்கு ஓடுகிறது. அரைமணி நேரம் ‘ஆங்கிலம் படித்தேன்’ என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். இன்னொன்று, கட்டுரைத் தேர்வு. எகானமிஸ்ட் தலைப்புகளில் சிலேடையும் அரசியல் குறிப்பும் மண்டிக் கிடக்கும்; தேர்வில் அவை வராது. அறிவியல், சுற்றுச்சூழல், உளவியல் பற்றிய 500 முதல் 700 சொல் செய்திக் கட்டுரைகளே பொருத்தமானவை. அவ்வளவுக்குப் போக முடியாதவர்களுக்கு சைனா டெய்லி குழுமம் வகுப்பு வாரியாக வெளியிடும் மாணவர் ஆங்கிலச் செய்தித்தாள் நல்ல இடைப்படி.

ஒரு சோதனை போதும்: 300 சொல்லில் தெரியாத சொல் 6க்கு மேல் இருந்தால் அது வாசிப்பு அல்ல, அகராதி புரட்டல். அந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

தரம் பிரித்த கதைகள்

இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவது உயர்நிலைப் பள்ளிகளில் பரவலான தவறு. ஆக்ஸ்போர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொல், நான்காம் நிலை 1400, ஆறாம் நிலை 2500. நடுநிலைப் பள்ளி முடிக்கும் மாணவருக்குப் பாடத்திட்டம் எதிர்பார்ப்பது ஏறக்குறைய 1600 சொல். ஆகவே நான்காம் நிலையில் தொடங்கினால் தடுமாற்றம் இராது. சீனப் பதிப்புகளில் மொழிபெயர்ப்பும் சேர்த்தே அச்சாகிறது; அந்தப் பக்கத்தை ஒரு தாளால் மறைத்துப் படிக்க வேண்டும். கதை படிப்பதற்கு இன்னொரு பலனும் உண்டு: தாளின் கடைசியில் 25 மதிப்பெண்ணுக்கு ஒரு கதையைத் தொடர்ந்து எழுதச் சொல்கிறார்கள். கேள்விபதில் மட்டுமே செய்த மாணவருக்கு அங்கே கை ஓடாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேள்வி தயாரிக்கச் சொல்லும் பழக்கமும் வந்துவிட்டது. உரையை எளிமையாக்கித் தரவோ ஒரு வாக்கியத்தின் அமைப்பைப் பிரித்துக் காட்டவோ அவை பயன்படும். கேள்விக்கு மட்டும் நம்ப வேண்டாம்: சரியான விடை மற்ற மூன்றையும்விட நீளமாகவும் நிதானமாகவும் இருந்துவிடுகிறது, உரையைப் படிக்காமலே ஊகித்துவிடலாம்.

யாருக்கு எது

150க்கு 90ஐத் தொடாதவருக்கு அசல் தாளால் எந்தப் பயனும் இல்லை. அவர் தடுக்குவது சொல்லில். காலை வாசிப்பு நேரத்தில் சொற்பயிற்சியும், தினம் 20 நிமிடம் தரம் பிரித்த கதையுமே அவருக்கு வேண்டியவை. ஏ, பி பகுதிகளை மட்டும் மாதிரித் தாளிலிருந்து எடுத்துச் செய்யலாம்.

90 முதல் 120 வரை வாங்குபவர்தான் பெரும்பான்மை, இவர்களிடம்தான் நேரம் அதிகம் வீணாகிறது. உரை புரிகிறது, விடை தவறுகிறது. வாரம் எட்டு மாதிரி உரைப்பகுதி ஓட்டுவதை மூன்றாகக் குறைத்து, அந்த நேரத்தில் இரண்டு அசல் பகுதியை மேலே சொன்னபடி பிரித்து மேயச் சொல்வதுதான் சரி. பிழைக் குறிப்பேட்டில் உரையை வெட்டி ஒட்டுவதைவிட, கேள்வி வகை, தான் போட்ட விடை, ஆதார வாக்கியம், விழுந்த பொறி என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு மாதத்தில் எந்தப் பொறியில் திரும்பத் திரும்ப விழுகிறோம் என்று பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

120ஐத் தாண்டியவருக்கு டி பகுதியில் ஒன்றிரண்டுதான் போகிறது. வாரம் இரண்டு பத்திரிகைக் கட்டுரை, மொழிபெயர்ப்பு இல்லாமல், ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஐந்தாறு சொல்லில் ஆங்கிலச் சுருக்கம். மூன்றாம் ஆண்டு மார்ச்சுக்குப் பிறகு இதையும் நிறுத்திவிட்டு அசல் தாளுக்குத் திரும்ப வேண்டும். அண்மைய இரண்டு ஆண்டுத் தாள்களை அதற்கெனவே தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

பெய்ஜிங் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்கள் தாள் தனி. அதில் விடையைத் தேர்ந்தெடுக்காமல் எழுத வேண்டிய நான்கு வாசிப்புக் கேள்விகள், 12 மதிப்பெண்ணுக்கு உண்டு. ஒரு கூற்றில் எந்தப் பகுதி தவறு என்று அடிக்கோடிட்டு, ஏன் என்று விளக்குவது அவற்றில் ஒன்று. தவறான விடை ஏன் தவறு என்று எழுதிப் பழகிய கைக்கு அது புதிதாகத் தோன்றாது. கடையில் வாங்கும் தேசியத் தாள் மாதிரிகளில் இந்த வகைக் கேள்வியே இருக்காது என்பதால், நகர மாவட்டங்களின் சொந்தத் தேர்வுத் தாள்களைத்தான் அவர்கள் தேட வேண்டும்.