கப்பல் ஏற்பாடா, சொந்த ஏற்பாடா: தீவுத் துறைமுகங்களில் குடும்பத்தோடு கரையிறங்குதல்

காலை 8 மணிக்குத் துறைமுகத்தை அடைந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் சுற்றுலாக் கப்பலின் அட்டவணையைப் பார்க்கும்போது, தீவில் 9 மணி நேரம் கையில் இருப்பதாகவே தோன்றும். அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிட்ட பிறகுதான் ஒரு சுற்றுலாவை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். கப்பலைக் கரையில் கட்டி, உள்ளூர் அதிகாரிகள் அனுமதி அளித்து, பயணிகள் வரிசையில் இறங்கி முடிப்பதற்குள் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழிந்துவிடும். புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது அரை மணி முன்பாக, சில கப்பல்களில் ஒரு மணி முன்பாக, அனைவரும் ஏறிவிட வேண்டும். அதற்கும் முன்னதாக ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக வைக்காமல் பிள்ளைகளோடு வெளியே செல்வதைத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன். இவையெல்லாம் போக எஞ்சுவது ஏறத்தாழ ஆறரை மணி நேரம். நண்பகல் வெயிலில் வைத்திருக்கக் கூடாத கைக்குழந்தையோ, நெடுநேரம் நடக்க இயலாத பாட்டியோ உடன் வந்தால், உருப்படியாகக் கிடைப்பது நான்கு மணி நேரம்தான்.

அந்த நேரத்தைச் செலவிட நான்கு வழிகள் உண்டு. கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலாவில் சேரலாம். உள்ளூர் சுற்றுலா நடத்துநரிடம் நேரடியாகப் பதிவு செய்யலாம். டாக்சி பிடித்துத் தாமாகவே சென்று வரலாம். எங்கும் போகாமல் கப்பலிலேயே தங்கிவிடலாம். கப்பல் நிறுவனங்கள் தமக்கென வைத்துள்ள தனித்தீவுகள் இந்த நான்கிலும் அடங்காமல் தனியே நிற்கின்றன. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் கரீபியன் தீவுகளிலிருந்தே தருகிறேன். அடுத்தடுத்த துறைமுகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடும் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

கப்பல் விற்கும் சுற்றுலாவின் உண்மையான பலம் திரும்பி வரும் நேரத்தில் இருக்கிறது. அந்தப் பேருந்து வழியில் பழுதானாலும், சாலை அடைபட்டாலும் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாத நிலை ஏற்பட்டால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனமே ஏற்கும். வானிலை காரணமாகக் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் கட்டணம் தானாகவே திரும்பிவிடும். இந்த உறுதிக்கு விலை உண்டு. அதே படகையும் அதே வழிகாட்டியையும் நேரடியாக அமர்த்தினால் ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே கொடுக்க நேரும். ஆள் கணக்கில் கட்டணம் வாங்குவதால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் ஐந்து மடங்காகப் பெருகும். அதைவிட எனக்கு உறுத்துவது வேகம். நாற்பது ஐம்பது பேர் கொண்ட பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அனைவரும் கழிப்பறைக்குச் சென்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். நினைவுப்பொருள் கடை வாசலில் நிற்கும் அரை மணி நேரத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறோம். குழந்தை தூங்கிவிட்டது, திரும்பலாம் என்று அங்கே யாரிடமும் சொல்ல முடியாது.

உள்ளூர் நடத்துநரிடம் பதிவு செய்தால் எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழு கிடைக்கும். சில இடங்களில் படகையோ வேனையோ முழுவதுமாகவே குடும்பத்துக்கென அமர்த்திக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பசித்தால் நிறுத்தலாம், அலை அதிகமாக இருந்தால் வேறு கடற்கரைக்குப் போகச் சொல்லலாம். ஆனால் திரும்பி வரும் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது. பொறுப்பான நடத்துநர்கள் கப்பல் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்கள். இருந்தும் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் விமானம் ஏற வேண்டும். கையில் உள்ள பாஸ்போர்ட்டைப் பொறுத்து அங்கே இறங்க விசாவும் தேவைப்படலாம். பாஸ்போர்ட் கப்பல் அறையின் பெட்டகத்திலேயே கிடந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். துறைமுகம் தவிர்க்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. பல நடத்துநர்கள் தருகிறார்கள், எல்லோரும் தருவதில்லை.

சொந்த ஏற்பாட்டில் செல்பவர்களை வழி தவறுவதைவிடக் கடிகாரம் அதிகமாகக் கவிழ்க்கிறது. பல கப்பல்கள் புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையே பயணம் முழுவதும் வைத்துக்கொள்கின்றன. வேறு சில, தீவுக்குத் தீவு மாற்றிக்கொள்கின்றன. புளோரிடாவில் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள். ஜமைக்கா, கேமன் தீவுகள், மெக்சிகோவின் கோசுமெல் ஆகிய இடங்களில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே புளோரிடாவின் மியாமியிலிருந்து ஜூலை மாதத்தில் கிளம்பி அதே நேரத்தைத் தொடரும் கப்பலில் மணி 4.30 ஆகியிருக்கும்போது, உள்ளூர் தொலைபேசி வலைப்பின்னலோடு தானாக இணைந்துகொண்ட கைபேசி 3.30 என்று காட்டும். பாட்டி வைத்தியம்போல் எளிய மருந்துதான் இதற்கு: கப்பலில் இருக்கும்போதே கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, டாக்சி ஓட்டுநரிடம் நேரம் குறிக்கும்போது எந்தக் கடிகாரப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கப்பல் கரையில் கட்டப்படுகிறதா, நடுக்கடலில் நங்கூரமிடுகிறதா என்பது. கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுனில் பெருங்கப்பல்களுக்குப் படகுத்துறை கிடையாது. டெண்டர் எனப்படும் சிறு படகுகளில்தான் கரை சேர வேண்டும். பெலீஸ் நகரத்தில் பவளத்திட்டுக்குள் நீர் ஆழமில்லாததால் கப்பல் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும். படகுப் பயணமே கணிசமான நேரத்தை விழுங்கும். டெண்டர் துறைமுகத்தில் கப்பல் சுற்றுலாவில் பதிவு செய்தவர்களை முதலில் இறக்குவார்கள். சொந்தமாகச் செல்பவர்கள் சீட்டு எண் அழைக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும். குழந்தையின் தள்ளுவண்டியையும், முதியவரின் சக்கர நாற்காலியையும் அலையில் ஆடும் படகுக்கு மாற்றுவது எளிதன்று. கடல் கொந்தளித்தால் முதலில் ரத்தாவதும் இத்தகைய துறைமுகமே. ஆகவே தூரப் பயணம் உள்ள டெண்டர் துறைமுகத்தில், கூடுதல் பணம் போனாலும், கப்பல் சுற்றுலாவையே நான் பரிந்துரைப்பேன். பெலீஸில் உள்நாட்டுக் குகை நதியில் மிதவையில் செல்லும் சுற்றுலா அதற்குச் சரியான உதாரணம்: படகு, அதன்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரச் சாலைப் பயணம், அதன்பின் நடை, திரும்பும்போது இவை அத்தனையும் மறுபடியும். அதே டெண்டர் துறைமுகமானாலும், ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்திலேயே உள்ள செவன் மைல் கடற்கரைக்கு டாக்சியில் போவதற்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை. (பெயரில் உள்ள ஏழு மைல் கடற்கரையில் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அளந்து பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.)

தூரம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்குக் கோசுமெல் நல்ல பாடம். மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உள்ளன. கடலோரப் பாறை மீது நிற்கும் துலூம், படத்தில் பார்த்தவுடனேயே மனத்தைப் பறிக்கும் இடம். ஆனால் அது கோசுமெல் தீவில் இல்லை. அங்கே செல்ல, மெக்சிகோவின் பெருநிலக் கரையில் உள்ள பிளாயா தெல் கார்மெனுக்குப் பயணிகள் படகில் ஏறத்தாழ 45 நிமிடம், பிறகு பேருந்தில் ஒரு மணி நேரம், திரும்பவும் அவ்வளவே. குமட்டல் வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கால்வாயின் அலை வேதனை. இடிபாடுகளுக்கு நடுவே நிழலும் அரிது. இன்னொரு வழி, தீவுக்குள்ளேயே இருக்கும் சான் ஹெர்வாசியோ. இக்செல் என்னும் மாயாப் பெண் தெய்வத்தை வழிபட, குறிப்பாகக் குழந்தைப் பேறு வேண்டி, பெண்கள் கடல் கடந்து யாத்திரை வந்த இடம் அது. கட்டடங்கள் சிறியவை, துலூமின் காட்சிக்கு ஈடில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காட்டு நிழலில் ஒன்றரை மணி நேரம் நடந்து, உடும்புபோல் கல்லின்மேல் கிடக்கும் இகுவானாக்களை எண்ணிவிட்டு, மதியத்துக்குள் தீவின் மேற்குக் கடற்கரைக்கு வந்துவிடலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் துலூமுக்குக் கப்பல் சுற்றுலாவில் செல்வது தகும். அதற்குக் கீழே என்றால் சான் ஹெர்வாசியோவும் ஒரு டாக்சியும் போதும். குளிப்பதற்கு மேற்குக் கரையையே தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்த கடலைப் பார்த்திருக்கும் கிழக்குக் கரையில் அலையும் நீரோட்டமும் வலுவானவை.

ஒரே இடமானாலும் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். ஜமைக்காவின் டன்ஸ் ரிவர் அருவி ஓச்சோ ரியோஸ் துறைமுகத்துக்கு மிக அருகில் உள்ளது; கப்பல் அங்கே நின்றால் டாக்சியே போதும். கப்பல் ஃபால்மத் துறைமுகத்தில் நின்றால் அதே அருவிக்கு ஒரு வழிப் பயணமே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அப்போது கப்பல் சுற்றுலாதான் பொருந்தும். ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக இறங்கும் அந்த அருவியில், முன்பின் தெரியாதவர்களோடு கைகோத்துச் சங்கிலியாக மேலேறுவதே அங்கு வழக்கம். வழுக்காத நீர்க்காலணி இல்லாமல் ஏறக் கூடாது. பக்கவாட்டில் படிக்கட்டும் இருப்பதால், பாட்டி அதில் நடந்தபடி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஒரே குடும்பத்தில் வலுவுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பிரிக்காமல் வைத்திருக்கும் இடங்கள் குறைவு என்பதால் இதற்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தப் பாய்ச்சல் உகந்ததன்று.

அந்த வயதுக்குக் கிராண்ட் கேமனின் திருக்கை மீன் திட்டு மேலானது. மீனவர்கள் மீனைச் சுத்தம் செய்து எறிந்த கழிவைத் தேடி வந்து பழகிய திருக்கைகள், இன்று மனிதர்களைக் கண்டு அஞ்சாமல் உரசிச் செல்கின்றன. மணல்திட்டின்மேல் நீர் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். சிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தந்தை நின்றால் போதும். வாலில் முள் உண்டு என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நகர வேண்டும். இங்கே சிறுபடகு வைத்திருக்கும் உள்ளூர் நடத்துநரே என் தேர்வு. பெரும்படகில் நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் கலங்கிய மணலைத்தான் பார்க்க முடியும்.

டாக்சியில் செல்வது மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம். அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸில் அரசு நிர்ணயித்த கட்டணம் வண்டிக்கு இல்லாமல் ஆளுக்கு வாங்கப்படுகிறது. திறந்த வண்டியில் பிறரும் ஏறுவார்கள். இருந்தும் மேகன்ஸ் பே கடற்கரைக்கு அதைவிட எளிய வழி இல்லை: அலை குறைவு, அடி மணல், கழிப்பறை உண்டு. கார் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் அங்கே சாலையின் இடப்புறம் ஓட்ட வேண்டும் என்பதையும், வண்டிகளில் ஸ்டியரிங்கும் இடப்புறமே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளட்டும். குழந்தைக்கான கார் இருக்கை தீவு டாக்சிகளில் கிடைப்பது அரிது. மலைவளைவுச் சாலைகளில் இது சிறு விஷயமன்று.

தனித்தீவுகள் இந்த ஒப்பீட்டையே சுலபமாக்கிவிடுகின்றன. பஹாமாஸில் டிஸ்னி 1998-ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தும் காஸ்ட்அவே கே தீவில் கப்பல் நேராகக் கரையில் நிற்கிறது. குடும்பங்களுக்கு ஒரு கடற்கரை, பெரியவர்களுக்கு மட்டும் இன்னொன்று என்று பிரித்திருக்கிறார்கள். மதிய உணவு பயணக் கட்டணத்திலேயே அடங்கும். ராயல் கரீபியனின் கோகோகே தீவில் நன்னீர்க் குளம் இலவசம், நீர்ச்சறுக்குப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம். சறுக்குகளுக்கு உயர வரம்பு இருப்பதால், பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிட்டுச் சீட்டு வாங்குவது அழுகையைத் தவிர்க்கும். இத்தகைய நாளில் வேறெந்தச் சுற்றுலாவும் வாங்கத் தேவையில்லை. அதே நேரத்தில், இந்தத் தீவுகளில் மட்டுமே இறங்கிய குழந்தை ஒரு நாட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கப்பலின் இன்னொரு தளத்துக்கு மணல் போட்டதுபோலத்தான் அது.

கப்பலிலேயே தங்குவதைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். துறைமுக நாளில் நீச்சல் குளம் காலியாக இருக்கும். ஏழு நாள் பயணத்தில் நான்கு துறைமுகங்கள் இருந்தால், மூன்றாவதிலாவது பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். அந்த நாளுக்கு எதையும் பதிவு செய்யாமல் விட்டுவைப்பது என் வழக்கம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பையில் கவனிக்க வேண்டியவை சில. ஜமைக்கா, பார்படோஸ், செயின்ட் லூசியா உள்ளிட்ட தீவுகளில் இராணுவச் சீருடைபோல் திட்டுத் திட்டாக அச்சிட்ட (கேமஃப்ளாஜ்) உடையைப் பொதுமக்கள் அணிவது சட்டவிரோதம். குழந்தையின் கால்சட்டைக்கும் இது பொருந்தும். அமெரிக்க வர்ஜின் தீவுகள் பவளத்தைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன் போன்ற இரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனை 2020 முதல் தடை செய்திருக்கின்றன. அவை இல்லாத, துத்தநாக ஆக்சைடு கலந்ததை வாங்கிவிட்டால் பெரும்பாலான தீவுகளுக்கு ஆகும். கப்பலின் பழங்களையும் சமைத்த உணவையும் கரைக்கு எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் போகும்.

பதிவு செய்யும் வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கப்பல் சுற்றுலாக்களைப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்புவரை கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பதால், தூரமான துறைமுகத்துக்கும் டெண்டர் துறைமுகத்துக்கும் உரியவற்றை முதலில் பதிவு செய்து இடத்தைப் பிடித்து வைத்துவிடலாம். முன்பணம் கேட்கும் உள்ளூர் படகை அதன்பின் விசாரிக்கலாம். டாக்சிக்கு முன்பதிவே வேண்டாம். காலையில் எழுந்து, கடலையும் பாட்டியின் முழங்காலையும் பார்த்துவிட்டு முடிவு செய்துகொள்ளலாம்.