'வீல்ட்' என்ற சொல்லும் ஒரு சொற்பிறப்பகராதியும்

டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய 'ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி' என்னும் இலவச இணைய அகராதியில், அதிகாரம் செலுத்துதல் என்று பொருள்படும் 'வீல்ட்' என்ற ஆங்கில வினையைத் தேடிச் சென்ற நான், ஒரு குடும்பத்தையே கண்டு திரும்பினேன். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ஆளுதல், அடக்குதல் என்பதாகும். ஜெர்மன் மொழியின் 'வால்டன்' அதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய வேர் 'வல்' என்பது வலிமையைக் குறிக்கும். லத்தீன் வழி வந்த 'வேல்யூ', 'வேலிட்' ஆகியனவும் அதே வேரில் கிளைத்தவை. நம் 'வன்மை', 'வலிமை' உடனே நினைவுக்கு வரும் என்றாலும், ஒலியொற்றுமையை மட்டும் நம்பி உறவு கொண்டாடலாகாது.

என்னை மிகவும் ஈர்த்தவை ஆட்பெயர்கள். 'ஹாரல்ட்' என்பதில் படை முன்னும் ஆட்சி பின்னுமாக நிற்க, 'வால்ட்டர்' என்பதில் அவ்விரண்டு உறுப்புகளே இடம் மாறி நிற்கின்றன.

பழைய ஆங்கிலத்தில் உயிரெழுத்து மாறி 'வெயோல்ட்' என்றிருந்த இறந்தகாலம், இன்று 'வீல்டட்' என்று ஒழுங்குபட்டுவிட்டது. ஆயினும் வரலாறே இவ்வகராதியின் எல்லை. இச்சொல் செயப்படுபொருள் குன்றாவினை என்பதையும், வாளையோ செல்வாக்கையோ சுட்டாமல் வாக்கியம் நிறைவுறாது என்பதையும் பொது அகராதியில்தான் காண வேண்டும். வாள் ஓச்சுதல், செங்கோல் ஓச்சுதல் என்னும் வழக்குகளை அறிந்த தமிழருக்கு அந்த இலக்கணம் எளிதில் பிடிபடும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இவ்வகராதியை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.