அல்டிமேட் ஜெனரல்: சிவில் வார் - ஸ்கர்மிஷர் செம, பிக்கெட் எங்கப்பா?

இந்த கேமுக்கு ரிவ்யூ போடுறவங்க எல்லாரும் கேம்பைன், ஏஐ, மேப்புன்னு பேசிட்டு போயிடுறாங்க, நான் ஒரே ஒரு பட்டனை பத்தி பேசத்தான் வந்தேன். காலாட்படை பிரிகேட் (சில ரெஜிமென்ட் சேர்ந்த படை) எதையாவது செலக்ட் பண்ணா, அதுல இருந்து ஸ்கர்மிஷர்களை, அதாவது மெயின் லைனுக்கு முன்னாடி சிதறி நின்னு சுடுற ஆளுங்களை, பிரிச்சு அனுப்புற பட்டன் ஒண்ணு இருக்கும். அதுக்காகவே இந்த கேமை வாங்கலாம்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: அமெரிக்க உள்நாட்டுப் போர், யூனியன் (வடக்கு) பக்கமும் ஆடலாம் கான்ஃபெடரேட் (தெற்கு) பக்கமும் ஆடலாம், கேம்-லேப்ஸ் பண்ணி 2017ல முழுசா வெளியானது. டோட்டல் வார் கேம்களுக்கு டார்த்மாட்ங்கிற மாட் (கேமை மாத்தியமைக்கிற ரசிகர் பேக்) போட்ட அதே நிக் தோமாடிஸ் தான் இதுக்கும் மூளை. கிராஃபிக்ஸ் சும்மா பொம்மை மாதிரி தான் இருக்கும், அதை எதிர்பார்த்து வராதீங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். டோட்டல் வார் நெப்போலியன்ல லைட் இன்ஃபன்ட்ரி வேணும்னா தனி யூனிட்டா எடுக்கணும். இங்க சாதாரண லைன் பிரிகேடே தன்னோட ஆளுங்கள்ல கொஞ்ச பேரை முன்னாடி தள்ளும், நிஜத்துலயும் அப்படித்தான், ரெஜிமென்ட்ல இருக்குற பத்து கம்பெனில ஒண்ணு ரெண்டை முன்னாடி சிதற விட்டுட்டு மீதி பின்னாடி வரிசையா நிக்கும். ஜோடி ஜோடியா நிப்பாங்க, ஒருத்தன் சுட்டா இன்னொருத்தன் துப்பாக்கி லோடா இருக்கணும், ஏன்னா குழல் வாய் வழியா மருந்து போட்டு இடிக்கிற துப்பாக்கி, நிமிஷத்துக்கு மூணு ரவுண்டு சுட்டாலே பெரிய விஷயம்.

கேம்ல இவங்களை ஒரு காட்டோரம் கொண்டு போய் விட்டுப் பாருங்க. எதிர் பிரிகேட் மலையடிவாரம் வரைக்கும் ஜாலியா நடந்து வரும், காட்டுக்குள்ள இருந்து புகை கிளம்பின உடனே நின்னு இவங்க பக்கம் திரும்பி சுட ஆரம்பிச்சிடும். செத்தவன் கம்மி தான். ஆனா அவனோட முதல் வாலி (எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல சுடுறது) உங்க மெயின் லைன் மேல விழாம இந்த சிதறி நிக்கிற ஆளுங்க மேல போகுது, டயர்டும் ஆகுறான், அவன் திரும்புன நேரத்துல உங்க பீரங்கிக்கு பக்கவாட்டு கிடைக்குது. நாலு பேரை கொல்றதுக்கு இல்ல ஸ்கர்மிஷர், எதிரி எங்க நிக்கணும்ங்கிறதை நாம முடிவு பண்றதுக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை, பிரிஞ்சு போறது தாய் பிரிகேடோட ஆளுங்க தான், அவங்களை எதிரி பாய்ஞ்சு வர்ற சார்ஜ்ல மாட்ட விட்டீங்கன்னா அந்த பிரிகேட் அடுத்த சண்டைக்கும் மெலிஞ்சு போய் தான் வரும்.

வேவு பாக்குறதையும் ஓரளவு நல்லா பண்ணிருக்காங்க. கேம்பைன்ல நம்ம ஜெனரலுக்கு கிடைக்கிற கேரியர் பாயிண்டை போடுறதுக்கு ரெக்கனைசன்ஸ் (வேவு)னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் ஆர்மி ஆர்கனைசேஷன்லயே கொட்டிட்டு அதை அம்போன்னு விட்டுடுவாங்க. நிஜத்துல வேவு எவ்ளோ முக்கியம்னு பாருங்க: கெட்டிஸ்பர்க் சண்டையோட ரெண்டாவது நாள், 1863 ஜூலை 2, யூனியன் பக்கத்து பெர்டனோட ஷார்ப்ஷூட்டர்ஸ் (குறி பாத்து சுடுறவங்க) பிட்சர் காட்டுக்குள்ள போய் கான்ஃபெடரேட் ஜெனரல் வில்காக்ஸோட அலபாமா ஆளுங்களை முட்டினாங்க, அந்த செய்தி வந்த பிறகு தான் யூனியன் ஜெனரல் சிக்கிள்ஸ் தன் கோர் (சில டிவிஷன் சேர்ந்த பெரிய படை) முழுசையுமே முன்னாடி நகர்த்தினார், அது சரியா தப்பான்னு இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. கொஞ்ச பேர் காட்டுக்குள்ள எட்டிப் பாத்ததுக்கு இவ்ளோ விளைவு.

சரி, குறைக்கு வரேன். பிக்கெட்டே இல்ல. பிக்கெட்னா முகாமுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க காவல் நிக்கிறவங்க, ஜெயிக்கிறது அவங்க வேலை இல்ல, சுட்டு சத்தம் கொடுத்துட்டு மெதுவா பின்வாங்கி பின்னாடி தூங்குறவனுக்கு பூட்ஸ் போட நேரம் வாங்கித் தரணும். ஷைலோ சண்டைல, 1862 ஏப்ரல் 6, விடியறதுக்கு முன்னாடி யூனியன் கர்னல் பீபாடி தன் பொறுப்புல ஒரு ரோந்து அனுப்பி, அது ஃப்ரேலி வயல்ல கான்ஃபெடரேட் பிக்கெட் மேல மோதலைன்னா யூனியன் முகாம் இன்னும் அசந்து தான் கிடந்திருக்கும். இந்த டென்ஷன் கேம்ல வரவே வராது. மேப் ஓப்பன் ஆகும்போதே எல்லாரும் முழிச்சு வரிசைல நிக்கிறாங்க, உதவிப்படை ஸ்கிரிப்ட்ல இருக்குற நேரத்துக்கு தான் வரும், அப்ப காவலை எவ்ளோ தூரம் தள்ளி போட்டா என்ன, போடலைன்னா என்ன?

இத்தனைக்கும் இதே டீம் 2014ல விட்ட அல்டிமேட் ஜெனரல்: கெட்டிஸ்பர்க்ல முதல் நாளே யூனியன் ஜெனரல் புஃபோர்டோட குதிரைப்படையை கைல கொடுத்து ஆரம்பிக்கும். நிஜத்துல காலை ஏழரை மணி வாக்குல சேம்பர்ஸ்பர்க் ரோட்டுல எட்டாவது இல்லினாய் குதிரைப்படை பிக்கெட்ல இருந்த லெப்டினன்ட் மார்செல்லஸ் ஜோன்ஸ் தான் முதல் குண்டு சுட்டார். அப்புறம் குதிரையை விட்டு இறங்கி, நாலுல ஒருத்தன் குதிரைங்களை பிடிச்சுக்க மீதி மூணு பேர் கார்பைனோட (குட்டைத் துப்பாக்கி) மேடு மேடா பின்வாங்கி, யூனியன் ஜெனரல் ரெனால்ட்ஸ் காலாட்படையோட வந்து சேர்ற வரைக்கும் கான்ஃபெடரேட் ஜெனரல் ஹெத்தோட டிவிஷனை இழுத்தடிச்சாங்க. அதை ஆடும்போது இடத்தை விட்டுக் கொடுத்தா கூட ஒரு திருப்தி இருக்கும், ஏன்னா நேரம் நம்ம கைல. சிவில் வார்ல அந்த உணர்வு அங்கங்க தான் வருது.

முற்றுகை, அரசியல், வரி எல்லாம் கேக்குறவங்களுக்கு இது சரிப்படாது. போர்க்களத்துல யாரை எங்க நிறுத்துறதுன்னு மண்டையை உடைச்சுக்கறது பிடிக்கும்னா கண்ணை மூடிட்டு எடுங்க, ஆனா முதல்ல கெட்டிஸ்பர்க்கை ஆடிட்டு இதுக்கு வாங்க. ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு நாலு, அந்த ஒண்ணை பிக்கெட்டுக்காக பிடிச்சு வெச்சிருக்கேன்.