ஜிக், புழு ஹார்னஸ், கிராங்க்பெய்ட்: லேக் ஈரி வால்ஐக்கு எது எப்போ?

பனி உருகினதும் இங்க ஒஹாயோல புதுசா தூண்டில் போட ஆரம்பிக்கிற நம்மாளுங்க கேக்கற கேள்வி ஒண்ணுதான், வால்ஐங்கற மீனுக்கு எந்த லூர் (இரை மாதிரி ஏமாத்தற தூண்டில் சாமான்) வாங்கலாம். கேட்டு முடிக்கறதுக்குள்ள ஆளுக்கு ஒரு கலர் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, ஒருத்தர் பர்பிள்ம்பார், இன்னொருத்தர் பச்சையும் ஆரஞ்சும் கலந்த ஃபயர்டைகர்தான் வேற எதுவும் வேணாம்பார், கடைசியில கேட்டவர் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் வாங்கிட்டு வந்து எதை எடுக்கறதுன்னே தெரியாம உக்காந்திருப்பார். என்னைக் கேட்டா கலர் நாலாவதா வர்ற விஷயம். மொதல்ல வேகம், அப்புறம் ஆழம், அப்புறம் சைஸ். தண்ணி எவ்ளோ சூடா இருக்கோ அதைப் பொறுத்துதான் மீன் எவ்ளோ வேகமா போற இரையைத் துரத்தும், அந்த வேகத்துல ஒழுங்கா வேலை செய்யற சாமானை எடுத்தா பாதி வேலை முடிஞ்சுது. ஜிக் கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே ஆடறது, புழு ஹார்னஸை படகால இழுக்கற வேகம் மணிக்கு 1 மைல்ல இருந்து 1.5 மைல், கிராங்க்பெய்ட் சாதாரணமா 1.5-ல ஆரம்பிச்சு 2.5 வரைக்கும் போகும். இந்த மூணையும்தான் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கப் போறோம்.

இடம் லேக் ஈரி, ஒஹாயோவுக்கு வடக்கால இருக்கற பெரிய ஏரி. அதோட கரையில போர்ட் கிளின்டன்னு ஒரு சின்ன ஊரு, உலகத்தோட வால்ஐ தலைநகரம்னு தன்னைத்தானே சொல்லிக்கும், நியூ இயர் ராத்திரி நியூயார்க்ல பந்தை இறக்கற மாதிரி இங்க ஒரு ராட்சச ஃபைபர்கிளாஸ் வால்ஐயை கிரேன்ல இருந்து இறக்குவாங்க, அவ்ளோ பைத்தியம். ஏரியோட மேற்குப் பக்கம் சராசரியா 24 அடிதான் ஆழம், நடுப்பகுதி 60 அடி கிட்ட. 2015, 2018, 2019, 2021-ல எல்லாம் குஞ்சு பொரிச்சது ரொம்ப நல்லா அமைஞ்சதால இப்போ மீனுக்குப் பஞ்சமே இல்ல. ஒஹாயோ பக்கம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 மீன், 15 இன்ச்சுக்கு குறைஞ்சா திருப்பி விட்டுடணும் (ரூல் வருஷா வருஷம் மாறலாம், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க).

மீனைப் பத்தி ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். அதோட கண்ணுக்குப் பின்னாடி வெளிச்சத்தை திருப்பி அடிக்கற ஒரு படலம் இருக்கு, டார்ச் அடிச்சா பூனைக் கண்ணு மாதிரி மின்னும், அதனால மங்கின வெளிச்சத்துல மத்த மீனுக்குத் தெரியாதது இதுக்குத் தெரியும். விடியக்காலை, சாயங்காலம், மேகமூட்டம், காத்து அடிச்சு தண்ணி கலங்கின நாள் எல்லாம் இதோட நேரம். உச்சி வெயில்ல தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்தா ஆழத்துக்குப் போயிடும், இல்லைனா வாயே திறக்காது.

இப்போ ஜிக். ஈயத் தலை, ஒரு முள்ளு, அதுல ஒரு மினோ பொடிமீனோ அட்டையோ ரப்பர் வாலோ. இதை விட சிம்பிளான சாமான் கிடையாது, விலையும் கம்மி. மார்ச் கடைசி, ஏப்ரல்ல தண்ணி 42-ல இருந்து 50 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது மீனெல்லாம் முட்டை போட மேற்குப் பக்க பாறைத் திட்டுகளுக்கும் மௌமி ஆத்துக்கும் ஏறி வரும், அந்த சமயத்துல ஜிக்கை அடிக்க வேற ஆளே இல்ல. உடம்பு குளிர்ந்து போன மீன் துரத்தாது, மூக்குக்கு முன்னாடி கொண்டு போய் வச்சாதான் கவ்வும். படகுல போறவங்க மான் முடி கட்டின ஹேர் ஜிக்கை நேரா கீழ விட்டு, தரையைத் தொட்டதும் ஒரு அடி தூக்கி மறுபடி இறக்குவாங்க. கடிக்கறது எப்பவுமே இறங்கும்போதுதான். வெடுக்குன்னு இழுக்கும்னு நினைக்காதீங்க, பிரெய்டு (பின்னின) நரம்புல விரல் வச்சிருந்தா ஒரு சின்ன "டிக்", அவ்ளோதான், சில நேரம் அது கூட இருக்காது, ஜிக் தரைக்குப் போய்ச் சேர வேண்டிய நேரத்துல போகலைன்னா உடனே சுண்டிடணும். இன்னொண்ணு, அந்தப் பாறைத் திட்டு சிலது கேம்ப் பெர்ரின்னு ஒரு ராணுவ துப்பாக்கிப் பயிற்சி இடத்தோட அபாய எல்லைக்குள்ள வருது, சுடற நாளு எதுன்னு அட்டவணை பாக்காம அந்தப் பக்கம் படகை விடாதீங்க.

ஆத்துல இறங்கி நிக்கறவங்களுக்கு ஜிக்கே வேற உருவத்துல வரும், கரோலினா ரிக். முட்டை ஷேப் ஈயம், அதுக்குக் கீழ ரெண்டடி போல லீடர்னு ஒரு துண்டு நரம்பு, நுனியில மிதக்கற ஜிக் தலையும் ட்விஸ்டர் வாலும். ஈயம் கல்லு மேல டொக் டொக்குன்னு தட்டிட்டே நீரோட்டத்தோட போகணும், எவ்ளோ கனம் போடறோம்ங்கறதுதான் இங்க வேகத்தை முடிவு பண்ணுது, கனம் அதிகமானா நின்னுடும், குறைஞ்சா பறந்துடும். மௌமில மார்ச், ஏப்ரல்ல சூரியன் உதிச்சதுல இருந்து அஸ்தமிக்கற வரைக்கும்தான் பிடிக்கலாம், ஒத்தை முள்ளுதான், வாய்க்கு வெளிய முதுகுல வயித்துல மாட்டின மீனை அப்படியே விட்டுடணும். பெரிஸ்பர்க் பக்கம் தோளோட தோள் உரச நிப்பாங்க, ரூலை மீறறவங்களைப் பிடிக்கற வார்டன் எந்தப் புதர்ல நிக்கறார்னே தெரியாது.

ஈயம்னதும் ஞாபகம் வருது. 2022 செப்டம்பர் 30, கிளீவ்லண்ட்ல லேக் ஈரி வால்ஐ டிரெயில் போட்டியோட ஃபைனல், ரெண்டு பேர் டீம் அஞ்சு மீன் கொண்டு வந்து எடை போட்டாங்க, பாக்கறதுக்கு ஒவ்வொண்ணும் நாலு பவுண்டு தேறும், தராசு என்னடான்னா மொத்தம் கிட்டத்தட்ட 34 பவுண்டு காட்டுது. போட்டி நடத்தினவர் அங்கயே கத்தியை எடுத்து வயித்தைக் கிழிச்சார், உள்ள இருந்து ஈயக் குண்டும் வேற மீனோட ஃபில்லெட்டுமா விழுது, சுத்தி இருந்தவங்க கத்தின கத்து இருக்கே, அந்த வீடியோ உலகம் பூரா சுத்துச்சு. மறுவருஷம் கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க, 10 நாள் ஜெயில், லைசன்ஸ் 3 வருஷம் சஸ்பெண்ட், படகும் போச்சு. அதுல இருந்து பல போட்டிகள்ல எடை போட்ட மீனை மெட்டல் டிடெக்டர், கத்தின்னு ஒரு வழி பண்ணித்தான் விடறாங்க.

சரி, மே கடைசிக்கு வருவோம், தண்ணி 60 டிகிரியைத் தாண்டுது. இப்போ ஜிக்கை வச்சுக்கிட்டு ஒரே இடத்துல ஆட்டிட்டிருந்தா பொழுதுதான் போகும், ஏன்னா மீன் பாறையை விட்டுட்டு திறந்த தண்ணியில சிதறிடுச்சு, நாமதான் தேடிப் போகணும். இங்கதான் புழு ஹார்னஸ். ஒரு பிளேடு (தண்ணியில சுத்தற தகடு), நாலஞ்சு பாசிமணி, வரிசையா ரெண்டு முள்ளு, அதுல ஒரு நைட்கிராலர் மண்புழு. பாக்க விளையாட்டு சாமான் மாதிரி இருக்கும், ஆனா ஜூன் மாசம் முழுக்க நான் வேற எதையும் தொடறது இல்ல. புழுவை மாட்டறதுல கொஞ்சம் கவனம் வேணும், மொத முள்ளு மூக்கு நுனியில, ரெண்டாவது முள்ளு புழுவை நீட்டி வச்சு நடுவுல, இழுத்தும் இருக்கக்கூடாது சுருங்கியும் இருக்கக்கூடாது. சுருங்கி இருந்தா புழு ஃபேன் மாதிரி சுத்தி நரம்பையே முறுக்கிடும். படகு பக்கத்துலயே தண்ணியில விட்டுப் பாருங்க, பிளேடு சுத்தணும், புழு நேரா வால் ஆட்டணும், இல்லைனா மறுபடி மாட்டுங்க.

பிளேடு ஷேப்பும் வேகக் கணக்குதான். வட்டமா இருக்கற கொலராடோ மெதுவா போனாலும் சுத்தும், தொம் தொம்னு அதிர்வு அதிகம், கலங்கின தண்ணிக்கு ஏத்தது. வில்லோ இலை மாதிரி ஒல்லியா இருக்கறது வேகம் வேணும்னு கேக்கும். இண்டியானா ரெண்டுக்கும் நடுவுல. கீழ கொண்டு போறதுக்கு பாட்டம் பவுன்சர்னு எல் ஷேப் கம்பியில ஈயம், 10 அடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ்னு கணக்கு, நரம்பு தண்ணியில 45 டிகிரி சாய்வுல போனா சரியா போகுதுன்னு அர்த்தம். கடிச்சதும் ஜிக்குக்கு சுண்டற மாதிரி சுண்டாதீங்க, மீன் புழுவோட பின்பாதியைத்தான் பிடிச்சிருக்கும், ராடை கொஞ்சம் பின்னாடி விட்டு கனம் ஏறினதும் மெதுவா இழுங்க.

ஹார்னஸோட தலைவலி என்னன்னா புழு எல்லாருக்கும் பிடிக்கும். ஷீப்ஸ்ஹெட், வொயிட் பெர்ச்னு கண்ட மீனும் வந்து கொறிக்கும், கையில ஒட்டற மண்ணு, ஐஸ் பெட்டி, மீதிப் புழு வீட்டு ஃபிரிட்ஜுக்கு வந்தா அங்க ஒரு சண்டை. ஆனா ஜூன்ல ஏரியில இருந்து மேஃபிளை பூச்சி கோடிக்கணக்குல கிளம்பும், வானிலை ரேடார்லயே மேகம் மாதிரி தெரியும், அந்த ரெண்டு மூணு வாரம் மீன் தரையில இருந்து எழும்பற பூச்சிக் குஞ்சையே தின்னு வயிறு ரொம்பிக் கிடக்கும், பெரிய கிராங்க்பெய்ட்டை ஏறெடுத்தும் பாக்காது, அப்போ சின்ன பிளேடு போட்ட ஹார்னஸ் 1 மைல்ல போனா எடுக்கும். புழு தலைவலியைப் பொறுத்துக்கறது இதுக்காகத்தான்.

அடுத்தது கிராங்க்பெய்ட், பொடிமீன் ஷேப்ல செஞ்ச கெட்டியான லூர், இழுத்தா ஆடிக்கிட்டே கீழ இறங்கும், ஒல்லியா நீளமா இருந்தா ஸ்டிக்பெய்ட். பேண்டிட், ரீஃப் ரன்னர், பெர்ஃபெக்ட் 10, ஃப்ளிக்கர் மினோ, ரப்பாலா ஹஸ்கி ஜெர்க்குன்னு கடை சுவரு முழுக்கத் தொங்கும். ரப்பாலா கதை தெரிஞ்சிருக்கும், 1936-ல ஃபின்லாந்துல ஒரு ஏழை மீனவர் கையால செதுக்கின லூர், 1962-ல லைஃப் பத்திரிகையோட மர்லின் மன்றோ அட்டைப்பட இதழ்ல அதைப் பத்தி வந்ததும் அமெரிக்காவே அலைமோதுச்சு. கிராங்க்பெய்ட்டோட பலம் அலசற பரப்பு. ரெண்டு பக்கமும் பிளேனர் போர்டு (நரம்பைப் படகை விட்டுத் தள்ளி இழுத்துட்டுப் போற மிதவைப் பலகை) விட்டு ஆறேழு நரம்பை விரிச்சு இழுத்தா ஜிக்கால ஒரு வாரம் தேடற இடத்தை ஒரு காலையில அலசிடலாம். புழு வேணாம், சின்ன மீன் தொந்தரவு கம்மி, பெரிய மீன் விழும். ஆனா செலவு? லைன் கவுண்டர் ரீல், போர்டு, ராட் ஹோல்டர், டிரோலிங் மோட்டார்னு ஆரம்பிச்சா சம்பளம் அப்படியே போயிடும், அதுக்கு மேல படகு. பாட்டம்ல மாட்டி ஒரு லூர் அறுந்தா ஒரு பிரியாணி போச்சு.

ஆழம் இதுல முழுக்க நரம்புக் கணக்கு. எத்தனை அடி பின்னாடி விடறோம், நரம்பு எவ்ளோ தடிமன், அதை வச்சுதான் லூர் எவ்ளோ கீழ போகும்னு முடிவாகும், ஒல்லி பிரெய்டுல போட்ட அதே லூர் 10 பவுண்டு மோனோல (ஒத்தை இழை நைலான் நரம்பு) போட்டதை விட ஆழமா இறங்கும், அதனால பக்கத்துப் படகுக்காரர் "90 அடி பின்னாடி"ன்னு கத்தினா எந்த நரம்புலன்னு கேளுங்க. மீனுக்குக் கொஞ்சம் மேல ஓட்டணும், வால்ஐ மேல பாத்து வரும், கீழ குனியாது. லூர் ஒரு பக்கமா சாஞ்சு ஓடினா மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை வளைங்க.

ஏப்ரல்லயே பேண்டிட் இழுத்து பெரிய பெரிய பொட்டை மீனா அள்றாங்களே, அப்போ நீ சொல்ற கணக்கு தப்புதானேன்னு கேப்பீங்க. இழுக்கறாங்க, ஆனா எவ்ளோ வேகத்துல? 1 மைல் சுத்தி, சில நாள் அதுக்கும் கீழ. அதே லூர் ஜூலைல 2 மைலுக்கு மேல. வேகம் தெரியலைன்னா படகே சொல்லிக் கொடுக்கும், மெதுவா ஒரு வளைவு எடுங்க, உள்பக்க போர்டு வேகம் குறையும், வெளிப்பக்கம் கூடும். வெளிப்பக்க ராடுல மட்டும் அடிச்சுதுன்னா மொத்தப் படகையும் கொஞ்சம் வேகப்படுத்துங்க, உள்பக்கம் அடிச்சா குறைங்க. ஆகஸ்ட்ல மீன் குளிர்ந்த தண்ணி தேடி கிழக்கால நடுப்பகுதிக்குப் போயிடும், அங்க டிப்ஸி டைவர்னு நரம்பை ஆழத்துக்கு இழுக்கற தட்டுல ஸ்பூன் (கரண்டி ஷேப் தகடு லூர்) கட்டி இன்னும் வேகமா இழுப்பாங்க, அது தனி உலகம்.

இப்போ புதுசா ஒரு பஞ்சாயத்து, முன்னாடி பாக்கற லைவ் சோனார். 2018-ல கார்மின் லைவ்ஸ்கோப் வந்ததுல இருந்து தனி மீனைத் திரையில பாத்து அது மேலயே ஜிக்கை எறியறாங்க, வசந்த காலத்துக்கு மட்டும்னு இருந்த ஜிக் வருஷம் பூரா வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. இது மீன்பிடியா வீடியோ கேமான்னு பெருசுங்க சண்டை, சில போட்டிகள்ல கட்டுப்பாடும் வந்தாச்சு. எனக்கு அந்தத் திரையை வெறிச்சுப் பாக்கறதுல இஷ்டம் இல்ல, ஆனா தடை பண்ணணும்னும் தோணல, விலையே பாதிப் பேரைத் தடை பண்ணிடுது.

காசு கையில கம்மின்னா ஏப்ரல்ல மௌமி, ஒரு ஸ்பின்னிங் ராட், வேடர் (ஆத்துல இறங்கி நிக்க போடற நீர்புகா உடுப்பு), ஒரு டப்பா மிதக்கும் ஜிக், வேற எதுவும் வேணாம். நண்பர் படகுல இடம் கொடுத்தார்னா ஜூன்ல ஹார்னஸ் நீங்க கட்டிட்டுப் போங்க, புழு காசும் உங்களோடது. சொந்தமா படகு வாங்கற ஐடியா இருந்தாதான் கிராங்க்பெய்ட் சுவரு பக்கம் போங்க. சமையல்னு வந்தா வால்ஐ மசாலா போட்டு வறுக்கறதுக்கு அருமையா இருக்கும், சதை வெள்ளையா மெத்துன்னு, வாடையே இல்லாம. குழம்புல போட்டா ருசி காணாமப் போயிடும், அதுக்கு நம்ம ஊரு கடை மீனே மேல்.

படகே இல்லாம கிராங்க்பெய்ட் போடணும்னு ஆசை இருந்தா நவம்பர் ராத்திரி இருக்கு. மீன் மேற்கால திரும்பி வர்ற வழியில இருட்டினதும் கரைக்கு வந்து ஷாட்னு சொல்ற பொடிமீனை வேட்டையாடும், ஹியூரான், கிளீவ்லண்ட் பக்கத்து அலைத் தடுப்புல நின்னு ஹஸ்கி ஜெர்க்கையோ பெர்ஃபெக்ட் 10-ஐயோ எறிஞ்சு, ரீல் கைப்பிடி சுத்தறதே போரடிக்கற அளவுக்கு மெதுவா இழுத்து, நடுவுல நடுவுல நிறுத்துங்க, நிறுத்தின இடத்துலதான் அடிக்கும். பாறை வழுக்கும், ஷூவுக்கு முள்ளு பட்டை, தலை விளக்கு, நீளக் கைப்பிடி வலை இந்த மூணும் இல்லாம, தனியாவும் போகாதீங்க.