குழந்தைப் பெயர் செயலி: 'அலமேலு'வை வைத்துப் பார்த்த சோதனை

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். உபயோகமான விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு பெயரின் பூர்வீகம் தெரிய வேண்டுமென்றால் இந்தச் செயலி சொல்வதை அப்படியே நம்பி முடிவெடுக்காதீர்கள். ஏன் என்பதை ஒரே ஒரு பெயரை வைத்துச் சொல்கிறேன்.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கிருத்திகை முதல் பாதம், அதனால் 'அ'வில் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது அத்தைதான். ஆகவே பெயர் தேடும் பொறுப்பும் என்னிடமே வந்தது. "அக்கா, நீயே நாலு பேர் பார்த்து அனுப்பு, நாங்க உட்கார்ந்து முடிவு பண்றோம்" என்றான் தம்பி. அவன் மனைவிதான் இந்தச் செயலியைக் காட்டினாள். இலவசமாகவும் பார்க்கலாம். விளம்பரம் குறுக்கே வந்துகொண்டே இருந்ததால் 199 ரூபாய் கட்டினேன். கட்டியதும் விளம்பரம் நின்றது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நட்சத்திரமும் பாதமும் கொடுத்தால் பட்டியல் வருகிறது. அனன்யா, அனிகா, அத்விகா, அத்விதி, அதிதி... விரலால் தள்ளத் தள்ள ஒரே ஓசை. அடுத்தடுத்து வந்த சில பெயர்களுக்கு 'தனித்துவமானவள்' என்ற ஒரே பொருளைப் போட்டிருக்கிறார்கள். எல்லோருமே தனித்துவமானவள் என்றால் பெற்றவர்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எனக்கு மனதில் இருந்தது எங்கள் பாட்டியின் பெயர், அலமேலு. தேடினேன், இருந்தது. பொருள் 'லட்சுமி', மூலம் 'சமஸ்கிருதம்', வகை 'பழைய பெயர்', பிரபலம் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அவ்வளவுதான். அப்புறம் தற்செயலாக 'தூய தமிழ்ப் பெயர்கள்' என்ற பகுதிக்குள் போனேன். அங்கே 'அலர்மேல்மங்கை' தனியாக இருக்கிறது. மூலம் 'தமிழ்', பொருள் 'தாமரை மேல் இருப்பவள்'. ஒரே பெயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சமஸ்கிருதத்தில் போட்டு, மற்றொன்றைத் தமிழில் போட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லாதது போல விட்டிருக்கிறார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அலர் என்றால் மலர். மலர்மேல் வீற்றிருக்கும் மங்கை அலர்மேல்மங்கை. நம்மாழ்வார் திருவாய்மொழியில் "அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறைமார்பா" என்று திருவேங்கடத்தானை அழைக்கிறாரே, அவள்தான். ஒரு நொடிகூடப் பிரிய மாட்டேன் என்று மார்பில் வந்து அமர்ந்தவள். வைணவக் குடும்பங்களில் இந்தப் பாசுரம் தெரியாதவர்கள் குறைவு. திருப்பதி மலையடிவாரத்துத் திருச்சானூரில் தாயாராக இருப்பவளும் அவளே. பத்மாவதி என்ற பெயர் இன்று அதிகம் புழங்கினாலும் அந்த ஊருக்கு அலமேலுமங்காபுரம் என்றே இன்னொரு பெயர் உண்டு. நம்ம மயிலாப்பூரிலும் அலமேலுமங்காபுரம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் தெலுங்கில் கீர்த்தனை கீர்த்தனையாக 'அலமேலு மங்க' என்று பாடி வைத்தார். 'ர்' உதிர்ந்து, கடைசியில் ஓர் உகரம் சேர்ந்து, 'அலர்மேல்' என்பது பேச்சில் 'அலமேலு' ஆகிவிட்டது. 'மங்கை' தனியே பிரிந்து இன்னொரு பெயராகவும் நின்றுவிட்டது. மங்கா, மங்கம்மா எல்லாம் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

இது ஏதோ பண்டிதர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அனுபந்தமும் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிப் பக்கத்தில் அதை யாரும் காசு கொடுக்காமல் புரட்டலாம். 'அலர்' என்று அடித்துப் பார்த்திருந்தால் போதும். பணம் வாங்கும் ஒரு சேவை இந்த அளவு வேலைகூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் முதல் புகார்.

இரண்டாவது, அந்த ஒற்றை நட்சத்திரம். உதவிப் பக்கத்தில் தேடிப் படித்தேன். செயலியில் இருப்பவர்கள் எத்தனை பேர் அந்தப் பெயருக்கு இதயக்குறி போட்டார்கள் என்பதுதான் 'பிரபலம்' என்பதன் கணக்கு. புதுப் பெயர் தேடி வருகிற இளம் பெற்றோர்கள் போடுகிற குறி அது. அதில் அலமேலு எப்படி மேலே வரும்? அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை 1880 முதல் பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக வெளியிடுகிறது, ஒரு பெயர் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று அங்கே பார்க்கலாம். நமக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 'இது எங்கள் பயனர்களின் விருப்பம் மட்டும்' என்று எழுதியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். தம்பி மனைவி அந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரை யாருமே வைக்கறதில்லை போல இருக்கே அண்ணி" என்று தயங்கினாள்.

வட ஆற்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணி என்று திருப்பதி போகும் வழியெல்லாம் ஏழுமலையானைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள். பையன் என்றால் ஏழுமலை, வெங்கடேசன், கோவிந்தன். பெண் என்றால் அலமேலு. நடவு நடப் போன அலமேலுவும் உண்டு, பள்ளிக்கூட டீச்சர் அலமேலுவும் உண்டு, பூக்கடை அலமேலுவும் உண்டு. இதை ஒரு சாதிக்குரிய பெயர் என்று அந்தச் செயலியின் கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருநாள் சுற்றினால் அப்படி எழுத மாட்டார்.

கர்நாடகத்துக்குப் போனால் இதே பெயரில் ஒரு கதையே இருக்கிறது. 1610இல் மைசூர் மன்னர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது, அங்கே விஜயநகரப் பிரதிநிதியாக இருந்தவரின் மனைவி அலமேலம்மா, நகைகளுடன் காவிரியில் குதிக்கும் முன், தலக்காடு மணலாகட்டும் என்று சாபமிட்டதாகச் சொல்வார்கள். தலக்காட்டுக் கோயில்கள் மணலில் புதைந்து கிடப்பதைக் காட்டி இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழி மக்களின் வாயில் புழங்கிய பெயருக்கு ஒரே வரிதானா?

பெயர் ஏன் அருகிப்போனது என்பதிலும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தனித்தமிழ், திராவிட இயக்கக் காலத்தில் பெயர்கள் மாறின. தமிழ்ச்செல்வி, கயல்விழி, பூங்கொடி எல்லாம் வந்தன. அப்போது அலமேலுவைச் சாமி பெயர், பழைய பெயர் என்று ஒதுக்கிவிட்டார்கள். பிறகு 'ஷ்', 'ஸ்ரீ' மோகம் வந்தபோது நாட்டுப்புறப் பெயர் என்று ஒதுக்கினார்கள். தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்றவர்களே ஒரு தூய தமிழ்ப் பெயரைக் கைவிட்டதை நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது. இந்தச் செயலியும் அதற்குச் 'சமஸ்கிருதம்' என்று முத்திரை குத்தி அதே வேலையைத் தொடர்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். உச்சரிப்பு ஒலிப்பதிவு அருமை. மனிதக் குரல், ல-ள-ழ மூன்றும் சுத்தமாக இருக்கின்றன. குடும்பத்தினர் எல்லோரும் அவரவர் போனிலிருந்தே வாக்களிக்கும் வசதி எங்களுக்கு ரொம்ப உதவியது. துபாயில் இருக்கும் சித்தப்பாவும் கலந்துகொண்டார். எண் கணிதப் பகுதியைத் தொடாமல் இருப்பது நல்லது. அலமேலுவுக்கு ஆங்கிலத்தில் எங்கெங்கோ ஒரு 'எச்', இன்னொரு 'ஏ' சேர்க்கச் சொல்கிறது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டி வரும்.

பாசுரத்தையும் லெக்சிகன் பக்கத்தையும் தம்பி மனைவிக்கு அனுப்பினேன். அவளே படித்துவிட்டு, சான்றிதழில் அலர்மேல்மங்கை, வீட்டில் அலமு என்று முடிவு செய்தாள். முழுப் பெயரையும் அவள்தான் கேட்டு வாங்கினாள் என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

செயலிக்காரர்களுக்கும் எழுதினேன். அலமேலுவின் மூலத்தைத் 'தமிழ்' என்று மாற்றிவிட்டார்கள், அதற்கு நன்றி. இரண்டு பெயர்களும் இன்னும் தனித்தனியாகவே கிடக்கின்றன.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 'பெயர் பதிவுக்கு இன்னும் இத்தனை நாள்தான்' என்று ஒரு சிவப்புக் கடிகாரம் அடிக்கடி வந்து பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிடலாம். பதிவு செய்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகும் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை இடமுண்டு. நிதானமாக வீட்டுப் பெரியவர்களிடம் பழைய பெயர்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். செயலியை உச்சரிப்புக்கும் வாக்கெடுப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.